டொனால்ட்சனுக்கும் ஹாரிஸுக்கும் தனி வாக்குச்சீட்டு வேண்டும்: கூப்பர்ஸ்டவுனுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
இயக்குநர் குழுவினர்,
தேசிய பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம்,
கூப்பர்ஸ்டவுன், நியூயார்க் மாநிலம்.

மதிப்பிற்குரியீர்,

ஹால் ஆஃப் ஃபேம் கௌரவத்துக்கு 1980-க்கு முந்தைய ஆட்டக்காரர்களைப் பரிசீலிக்கும் உங்கள் 'கிளாசிக் பேஸ்பால்' குழு அடுத்து 2027 டிசம்பரில் கூட வேண்டும். அதற்குள் ஒரு நடைமுறையை மாற்றுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம். இனப் பிரிவினையால் தனியே இயங்கிய கறுப்பின அணிகளில் 1948 வரை ஆடியவர்களை, 1960-களிலும் 70-களிலும் அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீக்கான மேஜர் லீக்கில் ஆடியவர்களோடு ஒரே வாக்குச்சீட்டில் போட்டு அடைக்காதீர்கள். அவர்களுக்குத் தனிக் குழு வேண்டும், வாக்களிக்கும் முறையும் வேறாக இருக்க வேண்டும்.

விக் ஹாரிஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியில் இடது களத்தில் ஆடியவர். ஆடிக்கொண்டே அதே அணிக்கு மேனேஜரும் ஆனார். மேனேஜராக இருந்த 11 பருவங்களில் ஏழு முறை லீக் பட்டம். 1948-இல் பர்மிங்காம் பிளாக் பேரன்ஸைத் தோற்கடித்து, கறுப்பின லீக்குகளின் கடைசி உலகத் தொடரை வென்றதும் அவர் அணிதான். அன்று எதிரணியில் ஆடிய 17 வயதுப் பையன் வில்லி மேஸ். ஹாரிஸ் 1978-இல் காலமாகிவிட்டார். இனி அவர் ஒரு ஆட்டம் வெல்லப்போவதுமில்லை, தோற்கப்போவதுமில்லை. அப்படிப்பட்டவருக்கு 2021 டிசம்பரில் 16 பேர் குழுவில் 10 வாக்கு விழுந்தது. இன்னும் இரண்டு கிடைத்திருந்தால் தேறியிருப்பார். 2024 டிசம்பரில், அதே 16 பேர் கொண்ட குழுவில், ஐந்து வாக்குகூட விழவில்லை.

மூன்று ஆண்டில் என்ன நடந்தது? வாக்குச்சீட்டு மாறியது, அவ்வளவுதான். 2021-இல் 'ஆரம்பகால பேஸ்பால்' என்று தனிச் சீட்டு இருந்தது. அதிலிருந்த பத்துப் பெயர்களில் ஏழு கறுப்பின பேஸ்பாலைச் சேர்ந்தவை. ஓர் உறுப்பினர் நான்கு பேர் வரை தேர்ந்தெடுக்கலாம். அந்த ஏழு பேரில் பக் ஓ'நீல் 13 வாக்கும் பட் ஃபௌலர் 12 வாக்கும் பெற்றுத் தேறினார்கள். ஹாரிஸுக்கு 10, ஜான் டொனால்ட்சனுக்கு 8. மறு ஆண்டு ஏப்ரலில் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டு, 1980-க்கு முந்தைய அனைவரையும் ஒரே பிரிவாக்கினீர்கள். சீட்டில் எட்டுப் பெயர், உறுப்பினருக்கு மூன்று வாக்கு.

இந்த மூன்று என்ற எண்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. 16 பேர், ஆளுக்கு மூன்று: எல்லோரும் முழுதாகப் பயன்படுத்தினாலும் மொத்தம் 48 வாக்கு. 2024-இல் டேவ் பார்க்கர் 14, டிக் ஆலன் 13, டாமி ஜான் 7 பெற்றார்கள். மூன்றும் சேர்ந்து 34. மீதமிருக்கக்கூடிய 14 வாக்கை கென் போயர், ஸ்டீவ் கார்வி, லூயிஸ் டியான்ட், ஹாரிஸ், டொனால்ட்சன் ஆகிய ஐந்து பேர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். தேறுவதற்கு ஒருவருக்கே 12 தேவை. ஆக, ஹாரிஸ் தகுதியானவரா இல்லையா என்ற கேள்வியை அந்தக் குழு தொடவே இல்லை. முதல் மூன்று இடத்தில் அவரை வைப்பீர்களா என்று மட்டுமே அதனிடம் கேட்கப்பட்டது. இரண்டும் ஒரே கேள்வி அல்ல.

பார்க்கரும் ஆலனும் தேறியதில் எங்களுக்கு முழு மகிழ்ச்சி. ஆலன் இரண்டு முறை ஒரே வாக்கில் தவறியவர், 2020-இல் இறந்தும் போனார். பார்க்கர் நோயோடு போராடிக்கொண்டிருந்தார்; 2025 ஜூலை விழாவைக்கூடப் பார்க்காமல் ஜூன் மாதம் கண்மூடினார். குழுவில் இருந்தவர்களுக்கு இவர்கள் ஆட்டம் நினைவில் இருக்கிறது, கூட ஆடியவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பக்கம் மனம் சாய்வது இயல்பு. டொனால்ட்சன் பந்து வீசியதைக் கண்ணால் பார்த்த ஒருவரும் அந்த அறையில் இல்லை. இருக்கவும் முடியாது. நினைவோடு போட்டி போட்டு ஆவணம் ஜெயிக்காது என்பது தெரிந்தும் இரண்டையும் ஒரே சீட்டில் வைத்தது சரியல்ல.

இதற்கு மேல் 2025-இல் இன்னொரு விதியையும் சேர்த்திருக்கிறீர்கள். ஐந்து வாக்குக்குக் குறைவாகப் பெறுபவர் அடுத்த சுற்றில் சீட்டில் இடம்பெற முடியாது. இரண்டாவது முறையும் அப்படியே ஆனால் நிரந்தரமாக விலக்கு. பலமுறை பரிசீலிக்கப்பட்ட மேஜர் லீக் ஆட்டக்காரருக்கு இது பொருந்தலாம். பல ஆண்டுக்கு ஒருமுறை கதவு திறக்கப்பட்ட கறுப்பின ஆட்டக்காரருக்கு இதைப் பொருத்துவது அநீதி.

இனி டொனால்ட்சன். அவர் விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

மிசௌரி மாநிலத்தின் கிளாஸ்கோ ஊர்க்காரர். இடது கைப் பிட்ச்சர், அதாவது பந்து வீசுபவர். 1912-இல் ஜே. எல். வில்கின்சன் அயோவா மாநிலத்தின் டெ மாயின் நகரில் 'ஆல் நேஷன்ஸ்' என்ற பல இனத்தவர் சேர்ந்த அணியைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய், உள்ளூர் அணியோடு ஆடி, வசூலில் பங்கு பெற்றுப் பிழைத்த அணி அது. அதன் பெரிய ஈர்ப்பே டொனால்ட்சனின் இடது கைதான். 1920 பிப்ரவரியில் ரூப் ஃபாஸ்டர் கான்சஸ் சிட்டியில் கறுப்பின தேசிய லீக்கைத் தொடங்கியபோது டொனால்ட்சனின் இருபதுகள் ஏறக்குறைய முடிந்துவிட்டன. வில்கின்சனின் கான்சஸ் சிட்டி மொனார்க்ஸ் அணியில் சேர்ந்தார், ஆனால் அங்கே அதிகம் ஆடியது நடுக்களத்தில். பிறகு மினசோட்டாவின் சிற்றூர் அணிகளுக்காகக் கூலிக்குப் பந்து வீசினார். 1949-இல் சிகாகோ வைட் சாக்ஸ் அவரை ஆட்டக்காரர்களைத் தேடிக் கண்டறியும் ஸ்கௌட்டாக நியமித்தது. மேஜர் லீக் அணி ஒன்றில் அந்த வேலைக்கு வந்த முதல் கறுப்பினத்தவர்களில் ஒருவர். 1970-இல் சிகாகோவில் இறந்தார். 2004 வரை அவர் கல்லறைக்கு ஒரு பெயர்க்கல்கூட இல்லை.

பழைய நாளேடுகளைப் புரட்டிய ஆய்வாளர்கள் இதுவரை 400-க்கு மேற்பட்ட வெற்றிகளையும் 5,000-க்கு மேற்பட்ட ஸ்ட்ரைக்-அவுட்களையும் (மூன்று ஸ்ட்ரைக்கில் மட்டையாளரை வெளியேற்றியவை) அவர் பெயரில் திரட்டியிருக்கிறார்கள். ஆனால் மேஜர் லீக் நிர்வாகம் 2024 மே மாதம் அதிகாரப்பூர்வப் பதிவேட்டில் சேர்த்தது 1920 முதல் 1948 வரை நடந்த ஏழு லீக்குகளின் கணக்கை மட்டுமே. டொனால்ட்சனின் வாழ்நாள் உழைப்பில் பெரும்பகுதி அந்த வேலிக்கு வெளியே நிற்கிறது.

அந்தச் சேர்க்கையை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. கறுப்பின லீக் ஆட்டக்காரர் ஜாஷ் கிப்சனின் .372 பேட்டிங் சராசரி, மேஜர் லீக் ஆட்டக்காரர் டை காப்பின் .367-ஐத் தாண்டி முதலிடத்துக்கு வந்தது நியாயம். பல பத்தாண்டுகள் தாமதமான நியாயம். ஆனால் அதே பதிவேடு இப்போது ஒரு புதிய வாசல்காப்பாளராக மாறிவிடக் கூடாது. லீக் ஆட்டங்கள் பருவத்துக்குச் சுமார் 60-தான் நடந்தன. வயிறு நிறைய வேண்டுமானால் மீதி நாளெல்லாம் ஊர்சுற்றி ஆட வேண்டும். 1920-க்கு முன்போ, நிலையான லீக்கே இல்லை. 1895-இல் பட் ஃபௌலரோடு சேர்ந்து மிச்சிகனில் பேஜ் ஃபென்ஸ் ஜயன்ட்ஸ் அணியை உருவாக்கிய கிராண்ட் ஜான்சனுக்கு அந்தப் பதிவேட்டில் எந்த வரி இருக்கும்?

ஊர்ப் பத்திரிகைக் கணக்கை எப்படி நம்புவது என்று குழுவில் சிலர் தயங்குவார்கள். நியாயமான தயக்கம். நம்ப வேண்டியதில்லை, சரிபார்க்கலாம். பாக்ஸ் ஸ்கோர் என்னும் ஆட்ட அட்டவணை தன்னைத் தானே தணிக்கை செய்துகொள்ளும். ஓர் அணியின் பேட்டிங் முறைகள் (பின்வருபவை சேராத மட்டை வாய்ப்புகள்), வாக் (நான்கு தவறான பந்துகளால் இலவசமாக முதல் பேஸ் பெறுவது), உடம்பில் பந்து பட்டு பேஸ் போனவர்கள், தியாக அடிகள் (தான் அவுட்டாகி மற்றவரை முன்னேற்றுபவை), இடையூறால் பேஸ் பெற்றவர்கள் எல்லாவற்றையும் கூட்டுங்கள். அந்த அணி எடுத்த ரன், பேஸில் நின்றுபோனவர்கள், எதிரணியின் புட்-அவுட் (அது எடுத்த அவுட்களின் எண்ணிக்கை) மூன்றையும் தனியே கூட்டுங்கள். இரண்டும் சமமாக வர வேண்டும். 33 பேட்டிங் முறை, 3 வாக், 1 தியாக அடி: 37. எதிர்ப்பக்கம் 4 ரன், பேஸில் நின்றவர் 6, புட்-அவுட் 27: அதுவும் 37. கணக்கு நேரானது. ஒன்று பிசகினாலும் அச்சுப்பிழையோ விடுபட்ட பெயரோ உள்ளே இருக்கிறது என்று பொருள்.

தவறுகள் எங்கே வரும் என்பதும் தெரிந்ததே. சிற்றூர் வார இதழ்கள் பெரும்பாலும் வாக் எண்ணிக்கையையும் பேஸில் நின்றவர்களையும் போடாமல் விட்டுவிடும். அப்போது மேற்சொன்ன சமன்பாடு மூடாது. ஸ்ட்ரைக்-அவுட் எண் இல்லையென்றால், மட்டையாளருக்குப் பின்னிருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சரின் புட்-அவுட்டைப் பார்க்கலாம், ஏனென்றால் ஸ்ட்ரைக்-அவுட் அவர் கணக்கில்தான் ஏறும். ஆனால் அவர் பிடித்த ஃபௌல் கேட்ச்சும், ஹோம் பிளேட்டில் செய்த அவுட்டும் அதிலேயே கலந்திருக்கும். மூன்றாவது ஸ்ட்ரைக்கை நழுவவிட்டு முதல் பேஸுக்கு எறிந்திருந்தால் புட்-அவுட் அங்கே போய்விடும். ஆகவே கேட்சருக்கு 15 என்றிருந்தால் பிட்ச்சருக்கு 15 ஸ்ட்ரைக்-அவுட் என்று எழுதிவிடக் கூடாது. மதிப்பீடு என்று தனி நிறத்தில் குறிக்க வேண்டும். தோற்ற விருந்தினர் அணியின் புட்-அவுட் 24 என்றிருந்தால் அதைப் பிழை என்று ஒதுக்கவும் கூடாது. முன்னிலையில் இருக்கும் உள்ளூர் அணி ஒன்பதாவது இன்னிங்ஸில் மட்டை பிடிக்காது.

வெற்றிக் கணக்கு இதைவிடச் சிக்கலானது. எந்தப் பிட்ச்சருக்கு வெற்றி சேரும் என்பதற்கான அதிகாரப்பூர்வ விதி 1950-இல்தான் நிலைபெற்றது. அதற்கு முன் ஸ்கோரரின் விருப்பமே விதி. எனவே டொனால்ட்சன் முழு ஆட்டமும் தனியே வீசி வென்றவற்றை ஒரு பகுதியாகவும், மற்றவரோடு பகிர்ந்த ஆட்டங்களை இன்னொரு பகுதியாகவும் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒரே ஆட்டத்தை இரண்டு ஊர்ப் பத்திரிகைகள் வெவ்வேறு தேதியில் எழுதி, அது இரண்டு ஆட்டமாக எண்ணப்படுவதும் நடக்கும். இதற்கு ஒரே மருந்து, ஆட்டம் நடந்த நாளையும் இன்னிங்ஸ் வாரியான ரன்னையும் ஒப்பிடுவது.

எதிரணியின் தரம்தான் கடைசிச் சிக்கல், உண்மையில் பெரிய சிக்கலும் அதுவே. சிற்றூர் இளைஞர்களுக்கு எதிராக எடுத்த 20 ஸ்ட்ரைக்-அவுட்டும், முன்னணிக் கறுப்பின அணிக்கு எதிராக எடுத்த 12-உம் ஒரே எடை அல்ல. இரண்டையும் ஒரே தொகையாக உறுப்பினர் முன் வைப்பது டொனால்ட்சனுக்கே கேடு. 5,000 என்ற எண்ணைப் பார்த்ததும் சந்தேகம்தான் முதலில் எழும். லீக் ஆட்டங்கள், முன்னணிக் கறுப்பின அணிகளோடும் மேஜர் லீக் ஆட்டக்காரர்கள் இருந்த அணிகளோடும் ஆடியவை, உள்ளூர் அணிகளோடு ஆடியவை என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை ஆட்டத்துக்கு முழு பாக்ஸ் ஸ்கோர் உண்டு என்பதையும் சேர்த்துக் கொடுங்கள்.

லீக்குக்கு வெளியே ஆடியதை எண்ணுவது புது வழக்கமும் அல்ல. 1972-இல் நீங்கள் பதித்த ஜாஷ் கிப்சனின் பட்டயத்தைப் படித்துப் பாருங்கள். லீக்கிலும், லீக்குக்கு வெளியேயான சுதந்திர பேஸ்பாலிலும் சேர்த்து ஏறக்குறைய 800 ஹோம் ரன் அடித்தவர் என்று அதில் பொறித்திருக்கிறீர்கள். இன்றைய அதிகாரப்பூர்வப் பதிவில் அவருக்கு 200 ஹோம் ரன்கூட இல்லை. கிப்சனுக்கு ஊர்சுற்றி ஆட்டத்தை எண்ணிய கூப்பர்ஸ்டவுன், டொனால்ட்சனுக்கு மட்டும் எண்ண மறுப்பது எந்த முறையில் சேரும்?

நாங்கள் கேட்கும் ஏற்பாட்டுக்கு முன்மாதிரியும் உங்களிடமே இருக்கிறது. 2006-இல் கறுப்பின பேஸ்பால் வரலாற்றை ஆய்ந்த 12 பேரைக் கூட்டி, 39 பெயர்களை அவர்கள் முன் வைத்தீர்கள். தேற ஒன்பது வாக்கு. 17 பேர் தேறினார்கள். ஹால் ஆஃப் ஃபேமின் முதல் பெண்மணியான எஃபா மேன்லியும் அவர்களில் ஒருவர். 17 பேர் ஒன்பது வாக்காவது பெற வேண்டுமென்றால் குறைந்தது 153 வாக்கு. அதாவது ஓர் உறுப்பினர் சராசரியாகப் பன்னிரண்டு பேருக்கு மேல் ஆதரித்திருக்கிறார். மூன்று வாக்கு வரம்பு அன்று இருந்திருந்தால் நான்கு பேருக்கு மேல் தேறியிருக்க வழியே இல்லை.

அந்தத் தேர்விலும் குறை இருந்தது. அது முடிந்ததும் கதவைச் சாத்தினீர்கள். விடுபட்ட பக் ஓ'நீல், அந்த ஜூலை மாத விழாவில், 94 வயதில், உயிரோடு இல்லாத அந்த 17 பேருக்காக மேடையேறிப் பேசினார். அக்டோபரில் இறந்தார். அவருக்கு வாக்கு வந்துசேர மேலும் 15 ஆண்டு பிடித்தது.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இதுதான். 2027 டிசம்பருக்கு முன், 1948 வரையிலான கறுப்பின பேஸ்பாலுக்கென்று வரலாற்றாசிரியர் பெரும்பான்மை கொண்ட ஒரு குழுவை அமையுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியே ஆம், இல்லை என்று வாக்களிக்கட்டும். முக்கால் பங்கு ஆதரவு என்ற அளவுகோல் அப்படியே இருக்கட்டும், அதைத் தளர்த்தச் சொல்லவில்லை. ஐந்து வாக்கு விதியிலிருந்து இவர்களுக்கு விலக்கு கொடுங்கள். குழு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது கூடட்டும், ஏனெனில் நாளேடுகள் மின்னுருவாக்கம் ஆக ஆகப் புதிய பாக்ஸ் ஸ்கோர்கள் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. முதல் சீட்டில் டொனால்ட்சன், ஹாரிஸ், கிராண்ட் ஜான்சன், டிக் ரெடிங், ஜார்ஜ் ஸ்கேல்ஸ் ஆகியோரோடு ராப் டிக்ஸனையும் சேருங்கள். 1930 ஜூலை 5-இல் யாங்கி ஸ்டேடியத்தில் கறுப்பின அணிகள் முதன்முறையாக ஆடியபோது அங்கே ஹோம் ரன் அடித்தவர் அவர். 2021 சீட்டிலும் அவர் பெயர் இல்லை, 2024 சீட்டிலும் இல்லை.

உறுப்பினர்களுக்குக் கொடுக்கும் ஆவணக் கோப்பைக் கூட்டத்துக்கு மூன்று மாதம் முன்பே பொதுவில் வெளியிடுங்கள். பிழை இருந்தால் சுட்டிக்காட்ட, மைக்ரோஃபிலிம் சுருளோடு பல ஆண்டு செலவிட்ட ஆய்வாளர்கள் அமெரிக்கா முழுவதும் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
பேஸ்பால் வரலாற்றைத் தொடர்ந்து படித்துவரும் தமிழ் வாசகர்கள்