எங்கள் இன்ஸ்டாலர் வைரஸ் அல்ல: ஆன்டிவைரஸ் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆன்டிவைரஸ் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். எங்களுடையது ஆறே பேர் கொண்ட மென்பொருள் நிறுவனம். சென்ற வெள்ளிக்கிழமை நாங்கள் வெளியிட்ட 4.2 பதிப்பை உங்களில் ஒருவர் 'ட்ரோஜன்', அதாவது நல்லவன் வேடமிட்ட தீய நிரல், என்று முத்திரை குத்தினீர்கள். திங்கட்கிழமை சத்தமில்லாமல் முத்திரையை எடுத்தும் விட்டீர்கள். நடுவில் இருந்த இரண்டு நாளைப் பற்றித்தான் இந்த மடல்.

எங்கள் மென்பொருள் தரும் அறிக்கையில் பக்கம் மாறும்போது மொத்தத் தொகை விடுபட்டுப் போகும் பிழை ஒன்று இருந்தது. நீண்டநாள் வாடிக்கையாளர் ஒருவர் கேட்டுக்கொண்டதால் அவசரமாகத் திருத்தி வெளியிட்டோம். அவர் அப்டேட் செய்தார். உங்கள் மென்பொருள் எங்கள் நிரலை இயக்கும் எக்ஸி கோப்பைப் பிடித்து குவாரன்டைனில், அதாவது இயங்க முடியாத தனிச்சிறையில், போட்டது. பழைய பதிப்பும் போய், புதியதும் இல்லாமல், வேலை நின்றது. "நீங்க வைரஸ் அனுப்புவீங்கன்னு நினைக்கலை சார்" என்றார் ஃபோனில். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுங்க" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திருடனும் அதையேதானே சொல்வான்?

உங்கள் சிரமம் புரியாமல் இல்லை. ஒரு பைட் மாறினாலும் கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் முழுக்க மாறிவிடும். ஒவ்வொரு வெளியீட்டிலும் நாங்கள் உங்களுக்கு முன்பின் தெரியாத ஆள். போதாததற்கு, இணையத்திலிருந்து இறக்கித் தன்னையே மாற்றி எழுதும் அப்டேட்டர், பார்வைக்கு மால்வேர் மாதிரியேதான் இருக்கும். பலர் பயன்படுத்தினால் நம்புவோம் என்கிறீர்கள். நீங்கள் பயமுறுத்தினால் யார் பயன்படுத்துவார்கள்?

எனவே கேட்பது இதுதான்: வெளியிடும் முன்பே கோப்பை உங்களிடம் காட்டிச் சரிபார்க்க ஒரு வழி கொடுங்கள். தவறாகப் பிடித்துவிட்டால், ஒரு நாளுக்குள் ஒரு மனிதர் பதில் எழுதட்டும்.

கோப்பு எங்களுடையதுதான் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் இட்டீர்களா என்று கேட்பீர்கள். இட்டோம். 2023 ஜூன் முதல் அதற்கான ரகசியச் சாவியைத் தனி வன்பொருளில்தான் வைக்க வேண்டும் என்பது விதி. எங்களிடம் இருப்பது ஒற்றை யுஎஸ்பி டோக்கன். அதை வைத்திருப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் எங்கள் வெளியீட்டுக்கும் காய்ச்சல். 2026 மார்ச் முதல் வழங்கும் கையொப்பச் சான்றிதழ்களுக்கு ஆயுள் அதிகபட்சம் 460 நாள். இத்தனை சடங்கும் முடித்து வந்து நின்றால், வாசலில் நீங்கள் "யார் நீ?" என்கிறீர்கள். ஆன்டிவைரஸ் விழித்திருக்கிறதா என்று பார்க்கவே உருவாக்கிய ஐகார் என்ற 68 எழுத்துச் சோதனைக் கோப்பு ஒரு தீங்கும் செய்யாது. ஆனாலும் அதைக் கண்டால் கூச்சலிட வேண்டும் என்பதில் உங்களுக்குள் எவ்வளவு ஒற்றுமை! நிரபராதி விஷயத்தில் அதில் கால்வாசி ஒற்றுமை போதும் எங்களுக்கு.

மன்னிக்கவும், கோபத்தில் எழுதிவிட்டேன். கள்ளனைப் பிடிக்காதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. வெளியிடும் முன்பு காட்ட ஒரு வழி, தவறினால் ஒரு மனிதரின் பதில். இவ்வளவுதான், தயவுசெய்து.

சனிக்கிழமை காலை உங்கள் படிவத்தில் நான் பதிந்த முறையீடு இன்றும் 'பரிசீலனையில்' என்றே காட்டுகிறது. வருகிற வெள்ளிக்கிழமை 4.3 வெளியாகிறது.

இப்படிக்கு,
டோக்கனைச் சட்டைப்பையில் வைத்திருக்கும் டெவலப்பர்