சித்தன்னவாசலில் இரண்டு குளங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறன்று குடும்பத்துடன் புதுக்கோட்டை அருகே சித்தன்னவாசல் போய்வந்தோம். ஏழடிப்பட்டம் குகையில் சமணத் துறவிகள் தங்கிய 17 கற்படுக்கைகள். தலைமாட்டில் கல்லையே சற்று மேடாக விட்டுத் தலையணையாக்கியிருக்கிறார்கள். தொட்டால் வழுவழுவென்று இருக்கிறது. ஒரு படுக்கையில் பழந்தமிழ் எழுத்து. பக்கத்திலேயே ஆணியால் கீறிய காதலர் பெயர்கள்!

பாறையைக் குடைந்த சமணக் கோயிலான அறிவர் கோயிலின் விதானத்தில் 9-ஆம் நூற்றாண்டில் ஓவியமாகத் தீட்டிய தாமரைக் குளம்: மீன், வாத்து, யானை, பூப்பறிக்கும் ஆட்கள். நிறம் மங்கினாலும் அந்தக் குளம் சுத்தமாக இருக்கிறது. மலைமேல் உள்ள நவச்சுனையிலோ பிளாஸ்டிக் பாட்டில்கள் மிதக்கின்றன. பாட்டிலைத் தூக்கிப்போகாமல் என்ன செய்வது? அடிவாரக் குழாயில் தண்ணீர் வரவில்லை. குழாயைச் சரிசெய்து, குகைக்கு ஒரு காவலரையும் போடுங்கள்.

— வாசகர் ஒருவர், திருச்சி