அது முட்டைப் பொரியல் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரைப் பற்றிய பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கிளிஃப்டன் தொங்குபாலத்துக்கு ஒன்றரைப் பக்கமும், துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களுக்கு ஒரு பக்கமும் வழங்கிய கட்டுரையாளர், அந்நகரில் தெருவுக்குத் தெரு மணக்கும் கரீபிய உணவுக்கு ஒரே ஒரு வாக்கியத்தை ஈந்திருக்கிறார்: நம் குழம்பையும் ரொட்டியையும் பார்த்துச் செய்த, காரம் மட்டுமே மிஞ்சிய நகலாம் அது. அந்த வாக்கியம் நான்கு நாள்களாக என் தொண்டையில் மீன்முள்ளாய் நிற்கிறது.

பள்ளியில் 31 ஆண்டுகள் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். என் மகள் பிரிஸ்டலில் பணிபுரிகிறாள். கடந்த கோடையில் ஐந்து வாரங்கள் அவளுடன் தங்கியிருந்தேன். செயின்ட் பால்ஸ் பகுதியில் ஒரு மழைநாளில் நாங்கள் ஒதுங்கிய சிறு கடையில், கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சளாக உதிர்ந்து கிடந்ததைப் பார்த்து நானும் முட்டைப் பொரியல் என்றுதான் நினைத்தேன். ஆகவே, அதே பண்டத்தின் படத்துக்குக் கீழே ‘முட்டைப் பொரியல்’ என்று தங்கள் இதழ் அச்சிட்டதன் காரணம் எனக்குப் புரிகிறது. வேறுபாடு ஒன்றுதான், நான் கடைக்கார அம்மையாரிடம் கேட்டேன்.

அது ஆக்கி என்னும் பழத்தின் சதை. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கரீபியத் தீவான ஜமைக்காவுக்கு வந்த மரம். காய் மரத்திலேயே பழுத்து, தானாக வெடித்துத் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு முன் பறித்து உண்டால் நஞ்சு. அதனுடன் சேர்வது உப்பிட்டு உலர்த்திய காட் மீன். நாம் கருவாட்டை ஊறவைத்து உப்பைக் குறைப்பதுபோல் அதையும் ஊறவைத்து, உதிர்த்து, வெங்காயத்தோடு வதக்குகிறார்கள். அந்த மீன் ஜமைக்காக் கடலில் கிடைப்பதன்று. 1497-இல் பிரிஸ்டலிலிருந்து ஜான் கேபட் என்ற கடலோடி ‘மேத்யூ’ என்ற கப்பலில் புறப்பட்டுப் போனதற்குப் பிறகு ஐரோப்பியர் வலைவீசப் போன, கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள நியூஃபவுண்ட்லாந்துக் கடலின் மீன் அது. அங்கு உலர்த்தியதில் மட்டமான சரக்கு, கரும்புத் தோட்டங்களில் அடிமைப்பட்டுக் கிடந்தவர்களின் வயிற்றுக்குப் போயிற்று. மேத்யூவின் மாதிரிக் கப்பலை அரைப் பக்க வண்ணப்படமாகப் போட்ட கட்டுரையாளருக்கு, அதே கப்பலின் கதை தட்டில் இருந்தது மட்டும் கண்ணில் படவில்லை.

காரம் மட்டும் என்கிறார். தேங்காய்ப்பாலில் அரிசியும் சிவப்புப் பயறும் வேகும்போது, ஸ்காட்ச் பானெட் மிளகாயை உடையாமல் முழுதாக மிதக்கவிட்டு, மணம் இறங்கியதும் எடுத்துவிடுகிறார்கள். உடைந்தால் சோறு கெட்டது என்று அந்த அம்மையார் சிரித்தார். மேலும், மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி என்பதும், போர்ச்சுகீசியர் இங்கு இறக்கும்வரை நமக்கு மிளகே கதி என்பதும் தாங்கள் அறியாதவையல்ல. காரத்தில் யார் யாருக்கு நகல் என்று கட்டுரையாளரிடம் தாங்களே விசாரியுங்கள்.

ரொட்டியும் ஆட்டுக்கறிக் குழம்பும் இந்திய மண்ணிலிருந்து போனவை என்பதை மறுக்கவில்லை. 1838-இல் கயானாவிலும், 1845-இல் டிரினிடாடிலும் ஜமைக்காவிலும் ஒப்பந்தக் கூலிகளாக இறக்கப்பட்டவர்கள், கிடைத்த மாவையும் கிடைத்த மசாலையையும் வைத்து ஆக்கிய உணவு அது. 1853 முதல் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பிரெஞ்சுக் கப்பல்களில் நம்மவர்கள் மார்த்தினிக் என்ற கரீபியத் தீவில் போய் இறங்கினார்கள். மல்லி, சீரகம், கடுகு சேர்த்து அரைக்கும் பொடிக்கும் அதில் செய்யும் குழம்புக்கும் அங்கு இன்றைக்கும் ‘கொலம்போ’ என்று பெயர். இதை நகல் என்று சொல்ல எப்படி மனம் வந்தது?

புதுச்சேரி என்றதும் பழைய புண் ஒன்று நினைவுக்கு வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் தாங்கள் வெளியிட்ட புதுச்சேரிச் சிறப்பிதழில் பிரெஞ்சு வீடுகளின் சன்னல்களும் ரொட்டிக் கடைகளும் மதுவகைகளும் இடம்பெற்றன. கப்பலேறியவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அப்போதும் எழுதினேன். வழக்கம்போல் பதில் இல்லை. அதற்கு முன்பும் பின்பும் தங்கள் பயணப் பகுதி எந்த ஊருக்குப் போனாலும் அவ்வூரில் இட்லி கிடைக்குமா என்பதைத்தான் முதலில் விசாரித்துச் சொல்கிறது. இட்லிக்காகக் கடல் கடப்பானேன்? என் தெருமுனையில் விடியற்காலை ஐந்து மணிக்கே கிடைக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரிஸ்டலின் பேருந்துகளில் கறுப்பினத்தவருக்கு ஓட்டுநர், நடத்துநர் வேலை மறுக்கப்பட்டபோது, 1963-இல் பேருந்துகளைப் புறக்கணித்துப் போராட்டம் நடத்தியவர்கள் அங்குள்ள கரீபிய மக்கள். நான்கு மாதங்களில் தடை விலகியது. அதன்பின் வெள்ளையரல்லாத முதல் நடத்துநராகப் பணியேற்றவர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர். அவர்கள் போராடிப் பெற்ற இடத்தில் முதலில் நின்றவர் இந்திய வழியினர். அவர்களுடைய அடுப்பைப் பற்றி நாம் எழுதும் இலட்சணம் இது.

கட்டுரையாளரை மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. அது தங்கள் இதழின் மரபு அன்று என்பதை நீண்டகால வாசகியாகிய நான் அறிவேன். 47-ஆம் பக்கப் படத்தில் இருப்பது ஆக்கிப் பழமும் உப்புமீனும் என்று அடுத்த இதழின் ஏதாவது ஒரு மூலையில் திருத்தம் வெளியிட்டால் போதும். பட விளக்கத்தை நம்பி, முட்டை மட்டும் உண்ணும் தங்கள் வாசகர் எவரேனும் அங்கு போய் மீனைத் தின்றுவிடக் கூடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
நாகர்கோவில்.