கேள்வித்தாள் எழுதுகிறவர்களுக்கு ஒரு கள ஆய்வாளரின் மடல்

சமூக ஆய்வுகளுக்குக் கேள்வித்தாள் தயாரிக்கும் பேராசிரியர்களுக்கும் ஆய்வு நிறுவனத்தாருக்கும்,

வணக்கம்.

'கடந்த 30 நாட்களில் தங்கள் குடும்பம் நுகர்ந்த சமையல் எண்ணெயின் அளவு யாது?' இது நீங்கள் அனுப்பிய கேள்வி. செங்கம் பக்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பயிற்சியில் சொன்னபடியே, ஒரு எழுத்து மாறாமல் ஒரு பாட்டியிடம் இதை வாசித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்பக்கம் திரும்பி, "ஏ பொண்ணு, பேங்க்காரங்க வந்துகிறாங்க பாரு" என்று மருமகளைக் கூப்பிட்டார்.

சரி என்று கேள்வியை மாற்றினேன். "போன மாசம் எவ்ளோ எண்ணெய் வாங்குனீங்க?" பதில் உடனே வந்தது. ரேஷனில் ஒரு பாக்கெட், மற்றபடி கடையில் அவ்வப்போது பத்து ரூபாய்ப் பாக்கெட். ஆனால் நீங்கள் கேட்டது சமையலில் செலவானதை. நான் கேட்டது வாங்கியதை. அந்த ரேஷன் பாமாயில் பிரிக்கப்படாமல் அலமாரியில் இருந்ததைக் கண்ணால் பார்த்தேன். அதே நேரத்தில் பக்கத்துத் தெருவில் என்னோடு வந்த தோழி, "மாசத்துக்கு எவ்ளோ எண்ணெய் ஆவும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அது எல்லா மாதத்துக்கும் பொதுவான கேள்வி, போன மாதத்தைப் பற்றியது அல்ல. உங்களுக்கு வந்து சேர்ந்த கோப்பில் இந்த எல்லாப் பதில்களும் அட்டவணையின் ஒரே பத்தியில், ஒரே தலைப்பின் கீழ் நிற்கின்றன.

12 ஆண்டுகளாக இந்த வேலை செய்கிறேன். முதலில் காகிதப் படிவம், இப்போது டேப் (டேப்லெட்). எந்த ஆய்விலும் கேள்வி ஆங்கிலத்தில்தான் பிறக்கிறது. அப்புறம் யாரோ அதை அரசாணைத் தமிழுக்கு மாற்றுகிறார்கள். வேறொருவரை வைத்துத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்த்தோம், சரியாக வந்தது என்கிறீர்கள். வரத்தான் செய்யும். 'நுகர்வு' திரும்ப ஆங்கிலத்துக்கு அழகாகவே போகும். பாட்டியிடம்தான் போகாது.

30 நாளா, 7 நாளா என்பதே எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1990களின் நடுவில், குடும்பச் செலவைக் கேட்டு மத்திய அரசு நடத்தும் தேசிய மாதிரி ஆய்வில் சோதனையாகச் சில வீடுகளில் 30 நாள் கணக்கும், வேறு சில வீடுகளில் உணவுக்கு 7 நாள் கணக்கும் கேட்டார்கள். 7 நாள் கேட்ட வீடுகளில் செலவு அதிகமாக வந்தது. அந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் ஏழைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. யாரும் பணக்காரர் ஆகவில்லை, கேள்விதான் மாறியது. அதற்குப் பிறகு 1999-2000 சுற்றில் 7 நாளையும் 30 நாளையும் ஒரே படிவத்தில் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் வைத்துவிட்டார்கள். அப்படிக் கேட்டால் என்ன ஆகும் என்று எந்தக் கள ஆய்வாளரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். வார்த்தை முரண்படக் கூடாதே என்று ஒரு பதிலை வைத்து மற்றொன்றைச் சொல்வார்கள். 7 நாள் கணக்கை 30 நாளுக்குப் பெருக்க வராதவர்களுக்கு நாங்களே பெருக்கிப் போடுவோம். அந்தச் சுற்றில் வறுமை 26.1 சதவீதம் என்று வந்தது. 1993-94இல் அது 36 சதவீதம். இந்த இறக்கத்தில் எவ்வளவு நிஜம் என்று ஆங்கஸ் டீட்டன் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் விவாதித்தார்கள்.

2022-23 நுகர்வுச் செலவு ஆய்வில் படிவத்தை மூன்றாகப் பிரித்து, ஒரே வீட்டுக்கு மாதம் ஒருமுறையாக மூன்று முறை போக வைத்தார்கள். நல்ல மாற்றம். முதல் முறை வாசலில் நிற்க வைத்துப் பேசுகிறவர்கள் மூன்றாவது முறை மோர் கொடுப்பார்கள். மோர் கொடுக்கிறவர்கள் உண்மையான செலவையும் சொல்வார்கள். ஆனால் கேட்ட விதம் மாறிவிட்டதால் 2011-12 கணக்கோடு அதை அப்படியே வைத்து ஒப்பிட முடியாது. அதைச் சொல்லாமல் மேடையில் ஒப்பிடுகிறவர்கள் நிறைய.

எண்ணெயை விடுங்கள். பெண்களிடம் "வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "இல்லீங்க, சும்மாதான் இருக்கேன்." இதைச் சொல்லும்போது அந்த அம்மா மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருப்பார். காலையில் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிய பாலின் அளவு அட்டையில் இருக்கும். சொன்னதை அப்படியே எழுதினால், அரசின் வேலைவாய்ப்பு ஆய்வுப் படிவத்தில் குறியீடு 92, வீட்டுவேலை மட்டும். விறகு பொறுக்குவதையும் கேட்டுத் தெரிந்துகொண்டால் 93. பால் ஊற்றுவதைத் தோண்டி எடுத்தால் 21, குடும்பத் தொழிலில் சம்பளமில்லாத உதவியாளர். மாடு அவர் பொறுப்பிலேயே இருந்தால் 11, சொந்தத் தொழில் செய்பவர். 92க்கும் 93க்கும் அவர் உழைப்போர் கணக்கில் வரமாட்டார், 21 என்றாலோ 11 என்றாலோ வருவார். தோண்டிக் கேட்பதற்குப் பத்து நிமிடம் ஆகும். அன்றைக்கு இன்னும் ஐந்து வீடு பாக்கி இருந்தால் நான் எதைப் போடுவேன் என்று நினைக்கிறீர்கள்?

அந்தக் குறியீடுகளைப் போடும் மத்திய அரசின் காலமுறைத் தொழிலாளர் ஆய்வுப்படி, 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் உழைப்போர் (வேலை தேடுகிறவர்களையும் சேர்த்து) பங்கு 2017-18இல் 23.3 சதவீதம், 2023-24இல் 41.7 சதவீதம். கூடியதில் பெரும்பகுதி கிராமத்துப் பெண்கள், அதிலும் சுயதொழிலும் சம்பளமில்லாத உதவியும். நீங்கள் காரணம் தேடும்போது வேலைவாய்ப்பையும் விலைவாசியையும் மட்டும் பார்க்காமல், கேட்டவருக்கு எவ்வளவு நேரம் இருந்தது என்றும் பாருங்கள். 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வில் 'வேலையா' என்று கேட்காமல் காலை 4 மணியிலிருந்து என்ன செய்தீர்கள் என்று வரிசையாகக் கேட்டார்கள். சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். 'சும்மா இருந்தவர்கள்' கணக்கு அது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பெயர் போடாமல் எழுதுவதால் தைரியம் வருகிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்துக்காக உடல்நல ஆய்வு ஒன்றில் இருந்தேன். 15 முதல் 49 வயதுப் பெண்களுக்கு நீண்ட படிவம், ஒரு மணி நேரத்துக்கு மேல். வீட்டுப் பட்டியல் எழுதும்போது ஒரு பெண்ணுக்கு 15 முடிந்துவிட்டது என்றார்கள். 14 என்று போட்டேன். ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் தடுப்பூசி, வயிற்றுப்போக்கு, தாய்ப்பால் என்று பக்கம் பக்கமாக ஓடும். பிறந்த தேதியைக் கொஞ்சம் முந்தையதாகப் போட்டு ஐந்தைத் தாண்ட வைத்தால் அத்தனையும் மிச்சம். எங்கள் கூலி படிவத்துக்கு இவ்வளவு என்றுதான், நேரத்துக்கு இல்லை. இது என் ஊரில் மட்டும் நடப்பதல்ல. உலகம் முழுக்க இந்த வகை ஆய்வுகளில் தெரிந்த நோய்தான், அதனால்தான் அறிக்கையின் பின்னிணைப்பில் வயதுவாரி அட்டவணை போட்டு 15இல் பள்ளம், 14இல் மேடு இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். நான் செய்தது தப்பு. ஆனால் கூலியை அப்படி வகுத்தவர் யார் என்ற கேள்விக்கு எந்தப் பின்னிணைப்பிலும் அட்டவணை இல்லை.

ஆய்வு மாணவர்களின் 'மிகவும் உடன்படுகிறேன்' முதல் 'சிறிதும் உடன்படவில்லை' வரை ஐந்து கட்டத்தில் ஒன்றை டிக் செய்யும் கேள்விகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். வீட்டுக்கு வந்த பெண்ணிடம் இல்லை என்று சொல்ல எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு மனம் வராது. ஒருமுறை 'இந்த ஊரில் குடிநீர் நன்றாக வருகிறது' என்பதற்கு ஆமாம் என்றவரிடம், ஐந்து கேள்வி தள்ளி 'குடிநீருக்குக் கஷ்டப்படுகிறோம்' என்று வாசித்தேன். அதற்கும் ஆமாம்மா என்றார், சிரித்துக்கொண்டே.

இந்தியப் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் 1930களின் கடைசியில் வங்காளத்துச் சணல் பரப்பை அளந்தபோது, ஒரே பகுதியை இரண்டு தனித்தனிக் குழுக்களிடம் கொடுத்து, இரண்டு கணக்கும் எவ்வளவு விலகுகின்றன என்று பார்த்தார். அளக்கிறவரால் வரும் பிழையையும் அளக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். இன்று எங்களுக்கு இருப்பது பேக் செக் மட்டும்: சூப்பர்வைசர் போன் பண்ணி "வந்தாங்களா, கேட்டாங்களா" என்று விசாரிப்பார். அது திருடனைப் பிடிக்கும் வேலை. நானும் தோழியும் ஒரே கேள்வியை வேறு வேறாகக் கேட்டதை அது பிடிக்காது. ஒவ்வொரு படிவத்திலும் என் குறியீட்டு எண் இருக்கிறது. அதை வைத்து ஆள்வாரியாகப் பிரித்துப் பாருங்கள், பல ஆச்சரியங்கள் கிடைக்கும்.

பேச்சுத் தமிழில் கேள்வி எழுதினால் தரம் குறைந்துவிடும் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். எழுதாவிட்டால் நாங்கள் எழுதிக்கொள்கிறோம், ஆளுக்கு ஒரு விதமாக. முன்னோட்ட ஆய்வைச் சென்னைக்கு அருகில் நாலு வீட்டில் முடிக்காமல் ஜவ்வாது மலை வரைக்கும் வாருங்கள். கூலியை நாளுக்கு என்று மாற்றுங்கள்.

இதெல்லாம் பட்ஜெட் விவகாரம், உடனே ஆகாது என்பீர்கள். காசு செலவில்லாத ஒன்றைச் சொல்கிறேன். டேப்பில் கடைசியாக 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. ரேஷன் எண்ணெய் பிரிக்கவில்லை என்று அன்றைக்கு அதில்தான் எழுதப் போனேன். 50 எழுத்துக்கு மேல் அது ஏற்கவில்லை. அந்த வரம்பை எடுத்துவிடுங்கள். எழுதியதை யாராவது ஒருவர் படிக்கவும் செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கள ஆய்வாளர்,
திருவண்ணாமலை மாவட்டம்