அந்த 63 பக்கங்களுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

நான் தயாரிக்கும் படத்துக்குப் பணம் வருவதற்கான ஒப்பந்தம் நேற்று இரவு பத்தே முக்காலுக்குக் கையெழுத்தானது. படம் நிற்கவில்லை. படம் நின்றுவிடும் போலிருந்த அந்த மூன்று வாரம் நாங்கள் என்ன பாடு பட்டோம் என்பது இதைப் படிக்கிற உங்களில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியும், பாதிப் பேர் கூடவே நின்றவர்கள், அதனால் அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. சொல்ல இப்போது தெம்பும் இல்லை. தூங்கி எழுந்து நிதானமாக எழுது என்றாள் கதை எழுதிய என் தோழி. நிதானம் வந்துவிட்டால் இதில் பாதியை எழுதக் கூச்சப்படுவேன் என்று தெரியும், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

தோழியும் நானும் இந்தப் படத்தோடு போய்ப் பயின்ற சினிமாப் பட்டறையை நடத்திய ஒருங்கிணைப்பாளருக்கு முதல் நன்றி. கெடு முடிந்த பிறகும் எங்களுக்காக இன்னும் இரண்டு நாள் கேட்டு வாங்கித் தந்தீர்கள். கூடப் பயின்ற ஏழு பேருக்கும் நன்றி, உங்கள் சொந்தத் திரைக்கதைகளுக்கே நாள் நெருங்கிக்கொண்டிருந்தபோது மேசையைச் சுற்றி உட்கார்ந்து எங்கள் 128 பக்கங்களையும் ஆளுக்கொரு பாத்திரமாக வாய்விட்டு வாசித்தீர்கள், இரண்டாம் பாதியில் எல்லோரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எங்கள் காதில் விழுந்தது. ஸ்கிரிப்ட் எடிட்டர் சார், "இந்தக் காட்சி முடியும்போது யாருக்கு என்ன மாறியிருக்கிறது?" என்ற ஒரே கேள்வியை ஒவ்வொரு காட்சிக்கும் சலிக்காமல் கேட்டீர்கள். ஒப்பந்தத்தைக் காசு வாங்காமல் வரி வரியாகப் படித்துத் தந்த வக்கீல், நள்ளிரவில் போனை எடுத்தவர்கள், எடுக்க முடியாமல் காலையில் தாங்களே திரும்பக் கூப்பிட்டவர்கள், உங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று சொன்னவர்கள், உங்கள் எல்லோருக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் இந்த மடலை உட்கார்ந்து எழுத வைத்தது ஒருவர்தான். அவரும் பெயர் வேண்டாம் என்றிருக்கிறார். மேடம் என்றே எழுதுகிறேன்.

அவர் எங்கள் மென்டர் இல்லை. பட்டறையில் எங்களுக்கு ஒதுக்கிய இரண்டு வழிகாட்டிகளும் வேறு, இருவருமே நல்லவர்கள். மேடம் ஒரே ஒரு நாள், பட்ஜெட் பற்றிப் பேச வந்தவர். வகுப்பு முடிந்ததும் எல்லோரும் வெளியே போய்விட்டார்கள், நான் மட்டும் லேப்டாப்பில் எங்கள் பட்ஜெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தவர், "எதிர்பாராச் செலவுக்கு 4 சதவீதம்தான் போட்டிருக்கிறாயா?" என்று கேட்டார். வழக்கமாக 10 சதவீதம் வைப்பார்கள். மொத்தத் தொகை சின்னதாகத் தெரிய வேண்டும் என்று குறைத்திருந்தேன். அதையும் சொன்னேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. "நானும் அதைத்தான் செய்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, என் முகவரியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். எல்லாம் ஒரே நேரத்தில் கழன்று விழுந்த அந்த வாரத்தின் புதன்கிழமை வீட்டுக்கு ஒரு கனமான உறை வந்தது. உள்ளே 63 பக்கம். மேடத்தின் முதல் படத்தின் இறுதிச் செலவுக் கணக்கு. போட்ட பட்ஜெட் ஒரு பத்தி, உண்மையில் ஆன செலவு அடுத்த பத்தி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மூன்றாவது பத்தி. அந்தப் படம் நஷ்டப்பட்டது. எவ்வளவு என்பதும் கடைசிப் பக்கத்தில் இருந்தது. மேலே ஒரு சீட்டில் இரண்டே வரி: "எனக்கு யாரும் இதைக் காட்டவில்லை. நீ பார்."

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். எழுதுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் முறை ஓரளவு நிலைபெற்றுவிட்டது. ராபர்ட் ரெட்ஃபோர்ட் 1981-இல் தொடங்கிய சன்டான்ஸ் நிறுவனத்தின் பட்டறைகளில் அனுபவப்பட்டவர் புதியவரோடு உட்கார்ந்து அவர் எழுதிய பக்கங்களைப் பற்றிப் பேசுவார், ஆனால் அவருக்காக எழுதித் தர மாட்டார், எதை எடுத்துக்கொள்வது எதை விடுவது என்பது எழுதியவர் பாடு. இன்று பல நாடுகளில் நடக்கும் திரைக்கதைப் பட்டறைகளும் கிட்டத்தட்ட இப்படித்தான் நடக்கின்றன. தயாரிப்பாளர்களுக்கும் உண்டு. ஐரோப்பாவில் ஈவ் என்ற அமைப்பு 1988-இலிருந்து நடத்துகிறது, கையில் ஒரு படத் திட்டத்தோடு வருகிறவர்களை ஒரு வருடத்தில் மூன்று முறை, முறைக்கு ஒரு வாரம் என்று கூட்டி உட்கார வைக்கிறார்கள். ஆனால் எங்கே படித்தாலும் தயாரிப்பில் ஒரு சங்கடம் இருக்கிறது. திரைக்கதையை மேசையில் விரிக்கலாம், மூன்றாம் வடிவத்தையும் ஏழாம் வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்ன மாறியது என்று பார்க்கலாம். ஒரு படத்தின் உண்மையான கணக்கை யாரும் மேசையில் விரிப்பதில்லை. யாருக்கு எவ்வளவு சம்பளம், எங்கே கடன், எந்த நாளில் பணம் தீர்ந்தது என்பதெல்லாம் அலமாரிக்குள் பூட்டிய விஷயம். அதனால் நாங்கள் மாதிரிப் படிவங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறோம். மாதிரிப் படிவத்தில் எல்லாமே சரியாகக் கூட்டி வரும். அதில் யாருக்கும் காய்ச்சல் வராது, ஜெனரேட்டர் நிற்காது.

மேடம் அனுப்பிய பக்கங்களில் ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள். "இரவுக் காட்சிகளைப் பிரித்துப் பிரித்துப் போட்டேன். இரவு எடுத்துவிட்டு மறுநாள் காலை யாரையும் கூப்பிட முடியாது, ஒவ்வொரு தடவையும் ஒரு பகல் போனது. சேர்த்து ஒரே வாரத்தில் வைத்திருக்க வேண்டும்." எதிர்பாராச் செலவு என்ற வரிக்கு எதிரே: "ஒன்பதாம் நாளே தீர்ந்துவிட்டது." ஸ்டில் போட்டோகிராபருக்கான செலவை வெட்டியதற்கு எதிரே: "போஸ்டருக்குப் படமே இல்லை. படத்திலிருந்து பிரேம் எடுத்துப் பெரிதாக்கினோம், மங்கலாக வந்தது." எழுத்தாளருக்கான தொகைக்கு எதிரே: "நண்பர்தானே என்று ஒப்பந்தத்தைக் கடைசிவரை எழுதவில்லை. படத்தை வாங்க வந்தவர் முதலில் கேட்டதே கதை உரிமைக் காகிதம்தான்."

நான் அதிக நேரம் நின்றது 41-ஆம் பக்கத்தில். அது வரவுசெலவுத் தேதிகளின் பக்கம். பட்ஜெட் எவ்வளவு என்று கேட்டால் எல்லோரும் சொல்வோம், பணம் எந்தத் தேதியில் வருகிறது, எந்தத் தேதியில் போகிறது என்று கேட்டால் தடுமாறுவோம். மேடத்துக்கு ஒப்புக்கொண்ட தொகையின் பெரிய பங்கு, எல்லா வேலையும் முடிந்த படத்தின் முதல் பிரதியைக் கொடுத்த பிறகுதான் வரும் என்று ஒப்பந்தம். முதல் பிரதி வர வேண்டுமென்றால் ஒலிக்கலவைக்கும் வண்ணச் சீரமைப்புக்கும் முன்னாலேயே பணம் கட்ட வேண்டும். நடுவில் ஒரு பள்ளம். அதைக் கடன் வாங்கி நிரப்பியிருக்கிறார். பட்ஜெட்டில் வட்டிக்கு என்று ஒரு வரியே இல்லை. அங்கே பென்சிலில், "காகிதத்தில் பணம் இருந்தது. கையில் இல்லை" என்று எழுதியிருந்தார். அன்று ராத்திரி எங்கள் கணக்கைத் திறந்து தேதி போட்டுப் பார்த்தேன். எங்களுக்கும் அதே பள்ளம், கிட்டத்தட்ட அதே இடத்தில். மறுநாள் காலை நான் யாருடன் பேசினேன், தவணைகளை எப்படி மாற்றிக் கேட்டேன் என்பது கூட இருந்தவர்களுக்குத் தெரியும். 41-ஆம் பக்கம் இல்லாமல் அந்தப் பேச்சு நடந்திருக்காது, நேற்றுக் கையெழுத்தும் ஆகியிருக்காது.

இன்னொன்றும் நடந்தது. என் தோழிக்கும் எனக்கும் ஆறு வாரமாக ஒரே சண்டை. செலவைக் குறைக்க வேண்டும் என்பேன் நான், கதையை வெட்டாதே என்பாள் அவள், இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தோம். நான் அந்தப் பக்கங்களை அவளிடம் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் பக்கத்து அறைக்குப் போய்விட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து அவளே வந்து, "மழைக் காட்சியில் மழை எதற்கு?" என்றாள். மேடத்தின் படத்திலும் ஒரு இரவு மழைக் காட்சி இருந்திருக்கிறது. செயற்கை மழைக்கான செலவு ஒரு பக்கம் இருக்க, அந்த இரைச்சலில் படப்பிடிப்பில் பதிவான வசனம் எதையும் பயன்படுத்த முடியாமல் முழுவதும் பிறகு டப்பிங் செய்ததாகவும், நடிகரிடமிருந்து அந்த முதல் நாள் குரல் திரும்ப வரவே இல்லை என்றும் குறிப்பு இருந்தது. தோழி அந்தக் குறிப்பைத்தான் பிடித்துக்கொண்டாள். எங்கள் காட்சி இப்போது மழை ஓய்ந்த பிறகு நடக்கிறது. தரையை நனைத்தால் போதும். அண்ணன் தம்பி இரண்டு பேரும் தாழ்வாரத்தில் நிற்கிறார்கள், கூரையிலிருந்து சொட்டுகிறது, மழை இரைச்சலில் கத்திப் பேசியதையெல்லாம் இப்போது மெல்லச் சொல்ல வேண்டியிருக்கிறது. காட்சி முன்னைவிட எவ்வளவோ நன்றாக இருக்கிறது. இது சிக்கனத்துக்காகச் செய்தது என்று படம் பார்க்கிற யாருக்கும் தோன்றாது. அப்புறம் அவளே ஒவ்வொரு காட்சியாக உட்கார்ந்து எண்ணினாள், இரவுக் காட்சிகள் 23 இருந்தது 9 ஆனது, 128 பக்கம் 106 ஆனது. ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று கணக்குப் போட்டால் இப்போது ஒன்றேமுக்கால் மணி நேரப் படம். எழுத்தாளரும் தயாரிப்பாளரும் ஒரே பட்டறையில் சேர்ந்து உட்கார வேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

மேடம், இவ்வளவும் உங்கள் கணக்கால் வந்த உதவி. ஆனால் என்னை அழ வைத்தது வேறு ஒன்று. அந்த 63 பக்கத்திலும் உங்களிடம் வேலை செய்தவர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் அவர்கள் வாங்கிய சம்பளத்தையும் கறுப்பு மையால் அடித்திருந்தீர்கள். கையால், ஸ்கேல் வைத்து, ஒவ்வொரு வரியாக. லைட்மேன், மேக்கப் உதவியாளர், ஓட்டுநர், ஒருவர் விடாமல். சில இடங்களில் மை பின்பக்கம் ஊறியிருந்தது. எத்தனை மணி நேரம் ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒரு முழு இரவாவது போயிருக்கும். ஒரே ஒரு நாள், அதுவும் ஐந்து நிமிடம் பேசிய ஒரு பெண்ணுக்காக. ஒரே ஒரு பெயரை மட்டும் அடிக்கவில்லை. தயாரிப்பாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர், எதிரே சம்பளம் 0. ஓரத்தில்: "இதைத் தியாகம் என்று நினைத்தேன். படத்தின் உண்மையான விலையை என்னிடமே மறைத்துக்கொண்டேன். உன் சம்பளத்தை எழுது." எழுதிவிட்டேன் மேடம். பெரிய தொகை இல்லை. ஆனால் அந்த வரி இப்போது எங்கள் பட்ஜெட்டில் இருக்கிறது, எதிர்பாராச் செலவுக்கு 10 சதவீதமும் இருக்கிறது.

நான் வழிகாட்டி என்றால் ஜெயித்தவர், ஜெயித்த வழியைச் சொல்லித் தருகிறவர் என்றே நினைத்திருந்தேன். ஜெயித்த கதைகளை நிறையக் கேட்டிருக்கிறேன், அவற்றில் சந்தோஷம் இருக்கும், ஆனால் எந்தத் தேதியில் என்ன செய்வது என்பது இருக்காது. நீங்கள் தோற்ற இடத்தைப் பக்க எண்ணோடு காட்டினீர்கள். அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். இந்தத் தொழிலில் ஒரு நஷ்டம் ஆளோடு ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் கூடவே வரும், அடுத்த படத்துக்குப் பணம் கேட்கப் போகும் இடத்திலெல்லாம் முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். அதைத் தூக்கி ஒரு புதியவளிடம் கொடுத்தீர்கள்.

அதனால் எல்லோருக்கும் முன்னால் இதைச் சொல்லி வைக்கிறேன். இந்தப் படம் முடிந்ததும், லாபமோ நஷ்டமோ, எங்கள் இறுதிக் கணக்கை நானும் அச்செடுப்பேன். கூட வேலை செய்தவர்களின் பெயர்களை நானே என் கையால் அடிப்பேன், என் பெயரை அடிக்க மாட்டேன். ஓரத்தில் குறிப்பு எழுத முதல் நாளிலிருந்தே தனியாக ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன், படம் முடிந்த பிறகு யோசித்து எழுதினால் எல்லாம் கொஞ்சம் அழகாகிவிடும் என்று பயம். அடுத்த வருடம் பட்டறைக்கு வருகிறவர்களில் யாருக்கு வேண்டுமோ அவர்கள் கேட்கலாம். கேட்கக் கூச்சப்படுகிறவர்களை நானே தேடி வருவேன்.

மேடம், உங்கள் கணக்கைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று உறையைக்கூடப் பத்திரமாக வைத்திருக்கிறேன். 41-ஆம் பக்கத்தில் நான் விரல் வைத்து வைத்துப் பென்சில் கொஞ்சம் மங்கிவிட்டது, மன்னிக்க வேண்டும். முதல் பிரதி கைக்கு வரும்வரை இன்னும் கொஞ்ச நாள் இதை நானே வைத்துக்கொள்ளட்டுமா?