ஒரு குரல், 27 கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

உலக வர்த்தக அமைப்பின் மீன்பிடி மானிய ஒப்பந்தம் பற்றிக் கடலூர் துறைமுகத்தில் பேசும்போது, "ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஒரு ஓட்டுதானே" என்கிறார்கள். அது சரியல்ல.

அந்த அமைப்பில் ஒன்றியமும் உறுப்பினர், அதன் 27 நாடுகளும் உறுப்பினர்கள். ஒன்றிய நாடுகளின் அமைச்சர்கள் மன்றம் தரும் அதிகாரத்தின்படி, பெரும்பாலும் பேசுவது ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் மட்டும். மற்றவர்கள் அமர்ந்து கேட்பார்கள். வாக்கெடுப்பு என்று வந்தால் 27தான், 28 அல்ல. நடைமுறையில் கருத்தொற்றுமையே முடிவு செய்வதால் வாக்கெடுப்பு வருவது அபூர்வம். ஆனால் ஒப்பந்தத்தை ஏற்கிறோம் என்று உறுதி தரும் ஏற்புப் பத்திரம் கொடுக்கும்போது இந்தக் கணக்கு பெரிதாகிறது. 2022 ஜூனில் முடிவான மானிய ஒப்பந்தம் நடைமுறைக்கு வர 166 உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 111 ஏற்புகள் வேண்டும். ஒன்றியம் கொடுத்தது ஒரே பத்திரம், எண்ணப்பட்டது 27. இந்தியா சேராமலேயே 111 நிறைந்து, 2025 செப்டம்பர் 15இல் ஒப்பந்தம் அமலானது.

எல்லா அவையிலும் இப்படி இல்லை. ஐ.நா. பொதுச்சபையில் 2011 தீர்மானம் ஒன்றியத்துக்குப் பேசும் உரிமை தந்தது, வாக்கு தரவில்லை. உணவு வேளாண் அமைப்பில் கூட்டத்தில் பேசப்படும் ஒவ்வொரு விஷயத்துக்கும் வாக்களிப்பது ஒன்றியமா, நாடுகளா என முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். ஒரே விஷயத்தில் இரு தரப்பும் சேர்ந்து வாக்களிக்க முடியாது.

சார்க் நாடுகளுக்கு இப்படி ஒரு கூட்டுக்குரல் இல்லை. மிகைத்திறன் (தேவைக்கு மேல் படகும் மீன்பிடி ஆற்றலும் இருப்பது), அளவுமீறிய மீன்பிடிப்பு பற்றிய இரண்டாம் கட்டப் பேச்சு இன்னும் முடியவில்லை. நம் மீனவர்களின் வரிவிலக்கு டீசலும் மானியமாகக் கருதப்படுமோ என்ற கவலைக்கு உரிய இடம் அதுதான். மீனவர் சங்கங்கள் ஃபைபர் படகு, விசைப்படகுக் கணக்கைத் தனித்தனியாக எழுதி மத்திய வர்த்தக அமைச்சகத்துக்கு இப்போதே அனுப்ப வேண்டும்.

வாசகர்,
கடலூர் முதுநகர்