மார்ச் 8 – சந்திரபாபு நினைவு மாலை

அன்பு உறவுகளே, வணக்கம்.

வருகிற மார்ச் 8, தமிழ்ப் பட நகைச்சுவை நடிகரும் பாடகருமான ஜே.பி. சந்திரபாபுவின் நினைவு நாள். அன்று பின்னேரம் 5 மணிக்கு டச்சு வளைகுடாக் கடற்கரையில் கூடுவோம்.

1927இல் தூத்துக்குடியில் பிறந்தவர். பனிமய மாதாவின் பெயரால் பனிமயதாஸ் என்று பெயர் வைத்தார்கள். தகப்பன் சுதந்திரப் போராட்டக்காரர். குடும்பம் கொழும்புக்கு வந்ததால் இவர் படித்ததும் வளர்ந்ததும் அங்கேதான். அதனாலோ என்னவோ, எனக்கு அவர் எப்போதும் எங்கட ஆள்தான். குரலைச் சட்டென்று மேலும் கீழும் மாற்றிப் பாடும் யோடலிங் பாட்டைத் தமிழ்ப் படத்துக்குக் கொண்டுவந்த குரல் அது.

1974இல், 46 வயதில் போய்விட்டார். ஒரு காலத்தில் பெரிய சம்பளம் வாங்கிய மனிதர், கடைசியில் கையில் காசில்லாமல் இருந்தார். தான் இறந்தால் உடலைக் கொஞ்ச நேரமாவது நண்பர், இசையமைப்பாளர் எம்.எஸ். விஸ்வநாதன் வீட்டில் வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தாராம். விஸ்வநாதன் அதைச் செய்தார். இதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. சென்னை சாந்தோம் பக்கம், குவிபிள் ஐலண்ட் சேமக்காலையில் அடக்கம் செய்தார்கள். சென்னை போகிறவர்கள் ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டு வாருங்கள்.

சரி, ஏற்பாடு: பாய் இரண்டு, ஸ்பீக்கர் என்னிடம் உண்டு. தேத்தண்ணிக்கு ஃபிளாஸ்க் வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள். வயதானவர்களுக்குக் கதிரை வேண்டும், முதல் நாளே சொல்லுங்கள். அவர் பாட்டு பாடத் தெரிந்தவர்கள் கூச்சப்படாமல் பாடலாம். பிள்ளைகளையும் கட்டாயம் கூட்டி வாருங்கள், அவர்கள் அவரைக் கேட்டதே இல்லை.

வருபவர்கள் இங்கேயே பெயர் போடுங்கள்.